வாங்குவதை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்: சிக்கனமான பசுமை வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

இயற்கையோடு ஒட்டி வாழலாம், வீண் செலவைக் குறைக்கலாம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் பலவும் முதலில் செய்கிற காரியம் கடைக்குப் போவதுதான். மூங்கில் டூத் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, கண்ணாடி ஜாடி என்று ஒரு வண்டி சாமான் வந்து இறங்கும், ஏற்கெனவே வீட்டில் நன்றாக இருந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் குப்பைக்குப் போகும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இருக்கிற டப்பா உடையும் வரை அதில் பருப்பைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், சூடான சாப்பாட்டை மட்டும் அதில் போடாதீர்கள், அது போதும். முதல் மூன்று மாதத்துக்கு இதற்காகவென்று புதிதாக எதையும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டால், பாதி வழி வந்த மாதிரி.

நாங்கள் மதுரையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், என் மாமியார் என்று ஐந்து பேர். தோட்டம் கிடையாது. மொட்டை மாடியில் ஒரு மூலையைப் பயன்படுத்திக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்திருக்கிறார், அவ்வளவுதான். கீழே எழுதியிருப்பதெல்லாம் இப்படிப்பட்ட ஒரு சாதாரண வீட்டில் செய்து பார்த்தது, சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் பொருந்துவதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதல் மாதம்: எழுதி வையுங்கள், வேறெதுவும் வேண்டாம்

பிள்ளைகள் பாதி எழுதி விட்ட பழைய நோட்டு ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அதை எடுத்து, கயிறு கட்டி, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தொங்க விடுங்கள். அதில் நான்கு விஷயம் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் மின்சார மீட்டரில் ஓடியிருக்கும் எண், சிலிண்டர் மாட்டிய தேதி, தண்ணீர் லாரியோ கேனோ வாங்கினால் அதன் கணக்கு, அப்புறம் ஒரு வாரத்துக்கு மட்டும் தினமும் குப்பையின் எடை. பழைய பேப்பர்காரர் வைத்திருப்பது போன்ற கொக்கித் தராசு இருந்தால் நல்லது, இல்லையென்றால் குப்பைப் பையைப் பிடித்துக்கொண்டு எடை பார்க்கும் மெஷின்மேல் ஏறி, அப்புறம் பை இல்லாமல் ஏறி, கழித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் அந்த ஒரு வாரம்தான் கண்ணைத் திறந்தது. ஒரு நாள் குப்பையில் முக்கால்வாசிக்கு மேல் காய்கறித் தோல், கீரைத் தண்டு, மிஞ்சிப்போன சாதம். பிளாஸ்டிக் என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது எடையில் கொஞ்சம்தான். எதைத் தொட்டால் எவ்வளவு குறையும் என்று தெரியாமல் இறங்கினால் சின்ன விஷயத்தில் குடும்பத்தையே படுத்தி எடுத்துவிட்டு பெரிய ஓட்டையை அப்படியே விட்டுவிடுவோம்.

கரண்ட் பில்

இதற்கு ஒரே ஒரு கணக்குத் தெரிந்தால் போதும். ஒரு பொருளின் வாட்ஸை அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள் என்பதால் 60 நாளைக்குப் போட்டுப் பாருங்கள்.

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட்ஸ். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். அதே வேலையைக் குறைவான மின்சாரத்தில் ஓடும் புதிய வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்ஸ் அளவில் செய்கிறது, அதாவது சுமார் 22 யூனிட். ஒரே ஃபேனில் 32 யூனிட் வித்தியாசம். ஆனால் எல்லா ஃபேனையும் இன்றைக்கே மாற்ற வேண்டாம். வீட்டில் அதிகம் ஓடுவது எது என்று பாருங்கள், எங்கள் வீட்டில் அது அத்தை படுக்கும் ஹாலில் இருப்பது, அது காயில் போய் ரீவைண்டிங் செய்ய வேண்டிய நிலைக்கு வந்தபோது மாற்றினோம். மற்றவை பழசுதான்.

தண்ணீர் சூடாக்கும் கீசர் 2000 வாட்ஸ். தினமும் அரை மணி நேரம் போட்டால் ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60. மதுரை மாதிரி ஊரில் கார்த்திகை, மார்கழி, தை தவிர மற்ற நாளில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் சாயங்காலம் தானாகவே சூடாக இருக்கிறது. குளியலைக் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டவர்களுக்கு கீசரே தேவைப்படாது.

ஏசி இருந்தால் அதுதான் பெரிய ஆள். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். 18-இல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்வதற்குப் பதில் 26-இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. 2020-இலிருந்து வரும் ஸ்டார் முத்திரை ஏசிகளைப் போட்டதும் 24-இல் நிற்கும்படி வைத்திருப்பதும் இதனால்தான்.

இப்போது மறுபக்கம். மிக்ஸியை ஐந்து நிமிடம் ஓட்டினால் ஒரு யூனிட்டில் பதினாறில் ஒரு பங்கு. கிரைண்டரில் இட்லி மாவு ஆட்டினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. செல்போன் சார்ஜ் அதைவிடவும் குறைவு. ஆகவே மிக்ஸி போட்டதற்காக வீட்டில் யாரையும் எதுவும் சொல்லாதீர்கள்.

அடுத்தது நான் எல்லோருக்கும் சொல்லும் சோதனை. பகலில் ஒரு நாள் வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, மீட்டர் பெட்டிக்கு முன்னால் போய் நில்லுங்கள். எலெக்ட்ரானிக் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். மின்சாரம் ஓட ஓட அது மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரியும், அதிகம் ஓடினால் வேகமாக, குறைவாக ஓடினால் நிதானமாக. எல்லாம் அணைந்திருக்கும்போது அது மினுக்கவே கூடாது. எங்கள் வீட்டில் மினுக்கியது. தேடிப் பார்த்தால் டி.வி.க்குக் கீழே செட்டாப் பாக்ஸ், ஷெல்ஃபுக்கு மேலே வைஃபை, மூலையில் இன்வெர்ட்டர். செட்டாப் பாக்ஸ் மட்டும் ரிமோட்டில் அணைத்த பிறகும் 10 வாட்ஸ் இழுத்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட் ஆகிவிடுகிறது. இப்போது ராத்திரி படுக்கப் போகிறவர் சுவரில் இருக்கும் சுவிட்சையே அணைத்துவிடுவார். எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் அந்த விளக்கு மினுக்கினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எங்கோ வயரில் கசிவு இருக்கலாம், அது செலவுப் பிரச்சினை மட்டும் இல்லை, ஆபத்து.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 500 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ் அடுக்கில் மலிவாகக் கிடைக்கும் யூனிட்டுகளின் கணக்கும் மாறிவிடுகிறது. 490-இல் நிற்பதற்கும் 510-இல் நிற்பதற்கும் பில்லில் நல்ல வித்தியாசம் தெரியும். ஞாயிறு தோறும் மீட்டர் எண்ணை எழுதச் சொன்னது இதற்காகத்தான். ஏழாவது வாரத்தில் 440-க்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தால் கடைசிப் பத்து நாள் ஏசியைக் குறைத்துச் சமாளிக்கலாம், பில் வந்த பிறகு தெரிந்து என்ன செய்வது.

சோலார் பற்றிக் கேட்பவர்களுக்கு: சொந்த வீடும் வெயில் விழும் மொட்டை மாடியும் இருந்தால் நல்ல விஷயம். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் என்று மானியம் நிர்ணயித்திருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்கு நான்கு யூனிட் போலத் தரும். ஆனால் முதலில் வீட்டுச் செலவைக் குறைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். மூன்று கிலோவாட் தேவைப்பட்ட வீட்டுக்கு இரண்டே போதும் என்று ஆகலாம்.

அடுப்படி

14.2 கிலோ சிலிண்டர் உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? மாட்டிய தேதியை எழுதினால்தான் தெரியும். எங்கள் வீட்டில் 32 நாள் வந்தது, இப்போது 43, 44 நாள் வருகிறது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பருப்பை அரை மணி நேரம் முன்னால் ஊற வைப்பது, கொண்டைக்கடலை, ராஜ்மா என்றால் ராத்திரியே. குக்கரில் அடியில் பருப்பு, மேல் தட்டில் சாதம், அதற்கு மேல் உருளைக்கிழங்கு என்று ஒரே தடவையில் வைப்பது. முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வைப்பது. பாத்திரத்தை மூடி வைத்துச் சமைப்பது. தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரில் அடைப்பு என்று அர்த்தம், கழற்றி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பதும் நிற்கும்.

வடிசாதம் சாப்பிடுகிறவர்கள் தெர்மல் குக்கர் பற்றி விசாரித்துப் பாருங்கள், அக்கம்பக்கத்தில் யாராவது பரணில் வைத்திருப்பார்கள். ஊற வைத்த அரிசியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டு அந்தச் சூட்டுப் பெட்டிக்குள் இறக்கி மூடிவிட்டால் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரத்தில் தானாக வெந்துவிடும். கஞ்சியை வடித்துக்கொள்ளலாம். அடுப்பு அத்தனை நேரமும் சும்மா இருக்கும்.

மிச்சச் சாப்பாட்டு விஷயத்தில் நம் பாட்டிகளுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிட முடியாது. மிஞ்சிய சாதத்தில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழைய சோறு, புளித்த மாவு பணியாரம், காய்ந்த இட்லி உப்புமா. ஆனால் தூக்கிப் போடுகிற தோல், தண்டு இவற்றில் எவ்வளவு சாப்பாடு இருக்கிறது என்பதை இந்தத் தலைமுறை மறந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். பீர்க்கங்காய்த் தோலை உளுந்து, மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் துவையல். வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி வேகவைத்துத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்யலாம். தர்பூசணியில் பச்சைத் தோலுக்கும் சிவப்புச் சதைக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதி பாசிப்பருப்புக் கூட்டுக்குச் சுரைக்காய் மாதிரியே இருக்கும். முள்ளங்கியோடு வரும் கீரையைக் கடையிலேயே ஒடித்துப் போடச் சொல்கிறார்கள், அதைப் பருப்போடு சேர்த்தால் ஒரு வேளைப் பொரியல்.

வாங்கும் இடம்

உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் வாரத்துக்கு இரண்டு நாள் காலையில் போய்விடுங்கள். 1999-இல் முதல் உழவர் சந்தை திறந்ததே எங்கள் மதுரை அண்ணா நகரில்தான், இன்றைக்கும் காலை ஆறு மணிக்குப் போனால் கீரைக்கட்டில் பனி காயாமல் இருக்கும். அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவதால் பேரம் பேசத் தேவையில்லை. கிழிந்த வேட்டியிலும் பழைய பருத்திச் சேலையிலும் தைத்த சின்னப் பைகள் ஏழெட்டு வைத்திருக்கிறேன், தக்காளிக்கு ஒன்று, கத்தரிக்காய்க்கு ஒன்று. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையோடேயே ஃபிரிட்ஜுக்குள் போய்விடும். கொத்தமல்லியை வேரோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிற்க வையுங்கள், பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி வையுங்கள், கீரையை ஈரத் துணியில் சுற்றுங்கள். அழுகிப் போகிற காய்க்குக் கொடுத்த காசுதான் இந்த வீட்டிலேயே பெரிய வீண்.

கறிக்கடைக்கும் மீன் கடைக்கும் பாத்திரம் கொண்டு போங்கள். முதல் தடவை கொஞ்சம் தயக்கமாக இருக்கும். கடைக்காரர் தராசில் பாத்திரத்தை வைத்து எடையைக் கழித்துக்கொள்வார், மூன்றாவது வாரம் அவரே கையை நீட்டுவார். சாம்பார், சட்னி பார்சல் வாங்கப் போனால் தூக்குவாளி. ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பதினான்கை 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்கள், 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்ற இயக்கமும் தொடங்கினார்கள், ஆனாலும் சூடான சாம்பார் பிளாஸ்டிக் பையில்தான் வந்துகொண்டிருக்கிறது. நம் கையில் வாளி இருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

பால் பாக்கெட்டுக்கு ஒரு சின்ன விஷயம். மூலையைக் கத்தரிக்கும்போது அந்தத் துண்டை முழுசாக வெட்டி எடுக்காமல், பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு தொங்கும்படி முக்கால்வாசி மட்டும் வெட்டுங்கள். அந்தக் குட்டி முக்கோணத்தைப் பொறுக்கி யாராலும் மறுசுழற்சிக்கு எடுக்க முடியாது, அது நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

குப்பையை உரமாக்குவது

ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுப்பதை மத்திய அரசின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே கட்டாயமாக்கிவிட்டன. பிரிக்காமல் கொடுத்த ஈரக் குப்பை கிடங்கில் குவியலுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவை விடுகிறது. அது தீப்பிடித்தால் நாள்கணக்கில் அணையாது. 2022-இல் சென்னை பெருங்குடியிலும் 2024-இல் கோவை வெள்ளலூரிலும் கிடங்கு எரிந்தபோது சுற்றிலும் இருந்த வீடுகளில் சன்னலைத் திறக்க முடியவில்லை. அந்தப் புகைக்குள் நம் வீட்டுக் கத்தரிக்காய்க் காம்பும் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

தேவையானது இரண்டு பழைய பெயிண்ட் பக்கெட், 20 லிட்டர், மூடியோடு. பெயிண்டர்களிடம் கேட்டால் சும்மா கொடுப்பார்கள், பழைய மண்பானையும் ஆகும். பக்கவாட்டில் மூன்று வரிசையும் அடியில் ஏழெட்டும் ஓட்டை போட வேண்டும், பிளம்பரிடமோ கார்பெண்டரிடமோ டிரில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. செங்கல் இரண்டின்மேல் வைத்து, அடியில் ஒரு தட்டு. உள்ளே முதலில் தேங்காய் நார் ஒரு அடுக்கு, அதன்மேல் காய்ந்த சருகு நான்கு விரல் உயரம். தினமும் அடுப்படிக் குப்பையைச் சின்னதாக நறுக்கிப் போட்டு, போட்ட அளவுக்குச் சமமாக, முடிந்தால் இரண்டு பங்கு, சருகு தூவுங்கள். தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ச் சாப்பாடு, மீன், எலும்பு இவற்றைப் பழகும் வரை போடாதீர்கள்.

என் முதல் பக்கெட் நாசமாகப் போனது. மே மாதம், தினமும் தர்பூசணி, மாம்பழத் தோல், சருகே போடாமல் அள்ளி அள்ளிப் போட்டேன். பத்தாவது நாள் மூடியைத் திறந்தால் அடியில் சேறு மாதிரி, வாடை மாடிப்படி வரை வந்துவிட்டது, கீழ்வீட்டில் இருந்து கேட்டே விட்டார்கள். அத்தை மேலே வந்து எட்டிப் பார்த்தார். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், அதுவரை இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசாதவர்.

“ஏம்மா, எருக்குழில வெறும் பச்சையவா கொட்டுவாக? ஒரு கூடை சாணி போட்டா ரெண்டு கூடை சருகு போடணும். அது மூச்சு விட வேணாமா?”

அன்று சாயங்காலமே தெருமுனையில் வேப்பமரத்தடியில் கூட்டி வைத்திருந்த சருகை, கூட்டுகிற அக்காவிடம் கேட்டு ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்தோம். அத்தை புடவையைச் செருகிக்கொண்டு, ஒரு குச்சியால் மேலும் கீழுமாகக் கிளறி, சருகைப் போட்டுப் போட்டு மூடினார். மூன்றாவது நாள் வாடை போய்விட்டது. இப்போது அந்தப் பக்கெட் அவர் பொறுப்பு, சருகு தீரும் முன்னால் அவரே சொல்லிவிடுவார்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் சருகு, உதிர்ந்து போனால் கொஞ்சம் தண்ணீர். எறும்பு வந்தால் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாக, தடிமனாகப் புழு வந்தால் பயந்து எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள், அது ஒரு வகை ஈயின் புழு, குப்பையை வேகமாகத் தின்று முடிக்கும், நமக்கு ஒரு கெடுதலும் செய்யாது. பிடிக்கவில்லையென்றால் மேலே சருகை அதிகமாகப் போட்டு மூடி வையுங்கள், குறைந்துவிடும். அடித்தட்டில் வடியும் தண்ணீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றலாம். எலி வரும் இடமானால் மூடிமேல் ஒரு கல்.

ஒரு பக்கெட் நிறைய மூன்று நான்கு வாரம் ஆகும். அதை ஓரமாக வைத்து வாரம் ஒரு தடவை கிளறிக்கொண்டு, இரண்டாவதில் போடத் தொடங்குங்கள். இரண்டாவது நிறையும்போது முதலாவது கறுப்பாக, உதிரியாக, முதல் மழைக்கு எழும் மண் வாசனையோடு இருக்கும். இன்னும் கொஞ்சம் கட்டியாக இருந்தால் சாக்கில் கொட்டி இரண்டு வாரம் நிழலில் விட்டுவிடுங்கள். செடி வளர்க்காதவர்கள் தெரு மரத்தடியில் போடலாம், கோயில் நந்தவனத்துக்குக் கொடுக்கலாம்.

ஈரக் குப்பை இப்படிப் போய்விட்டால் மிச்சக் குப்பை நாறாது, ஈ மொய்க்காது, தினமும் வெளியே வைக்க வேண்டியதும் இல்லை. நாப்கின், டயப்பர் போன்றவற்றைப் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள், குப்பையைக் கையால் பிரிப்பவரும் ஒரு மனுஷிதான். பழைய பேட்டரி, டியூப் லைட், தேதி முடிந்த மாத்திரை இவற்றையும் தனியாக.

தண்ணீர்

சொட்டும் குழாய்க்கு அடியில் ஒரு டம்ளரை வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அரை டம்ளர் பிடித்திருந்தால், 100 மில்லி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 14 லிட்டர் போகிறது. ஒரு குடம் தண்ணீர். வாஷர் மாற்றுவது சில ரூபாய் வேலை, கடையில் வாங்கி நாமே மாட்டலாம்.

ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் அது கழித்துவிடும் தண்ணீரைக் குழாய் போட்டு ஒரு பக்கெட்டில் பிடியுங்கள். ஒரு லிட்டர் சுத்தம் செய்ய மூன்று லிட்டர் வரை வெளியே விடும் மெஷின்கள் நிறைய இருக்கின்றன. அதில் உப்பு அதிகம் என்பதால் செடிக்கு வேண்டாம், வீடு துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் சரியாக இருக்கும். அரிசி கழுவிய தண்ணீர்தான் செடிக்கு. ஷவருக்குப் பதில் பக்கெட்டும் செம்பும். வாஷிங் மெஷினை நிறைத்துத்தான் போட வேண்டும்.

மழைநீர் சேகரிப்பு 2003-இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். குழாய் இருக்கும், ஆனால் வாய் அடைத்துக் கிடக்கும். வாடகை வீடானாலும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாமே சுத்தம் செய்யலாம், எந்த வீட்டுக்காரரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து மில்லிமீட்டர் மழைக்கு 930 லிட்டர் விழுகிறது, அது போர்வெல் பக்கம் போகிறதா சாக்கடைக்குப் போகிறதா என்பது அந்த அடைப்பில்தான் இருக்கிறது.

சோப்பு, துணி, வண்டி

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நார் அல்லது முற்றிய பீர்க்கங்காய்க் கூடு. தரை துடைக்க ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்று மாதம் வைத்தால் வரும் கரைசல் போதும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து மூட மறக்காதீர்கள், வாயு சேர்ந்து பாட்டில் வெடித்துவிடும், கண்ணாடி பாட்டிலில் செய்யவே கூடாது. பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் பூந்திக்கொட்டைத் தண்ணீர். துணி கிழிந்தால் தெருமுனைத் தையல்காரர், செருப்பு அறுந்தால் தைப்பவர், மிக்ஸி போனால் ரிப்பேர் கடை. இவர்கள் எல்லாம் நம் தெருவில் இன்னும் இருக்கிறார்கள், நாம் போகாவிட்டால் இருக்க மாட்டார்கள். பெண்களுக்கு 2021-இலிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, ஸ்கூட்டியை வாரத்தில் இரண்டு நாள் நிறுத்திப் பாருங்கள், பெட்ரோல் கணக்கில் தெரியும்.

வீட்டில் இருப்பவர்களை எப்படிச் சேர்ப்பது

ஒருவர் மட்டும் செய்தால் இது மூன்று வாரத்தில் சண்டையாக முடியும். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதை விட வேலை கொடுங்கள். எங்கள் பெரியவள் ஞாயிறு காலை மீட்டர் எண்ணைப் பார்த்து எழுதிக் கழித்துச் சொல்வாள், சின்னவனுக்குப் பழைய பேப்பர் கடைப் பணம். கடைக்குப் போய் எடை போட்டு வாங்கி வருவதும் உண்டியலில் போடுவதும் அவன்தான், அதனால் அட்டை, பாட்டில் எதையும் அவன் கண்ணில் படாமல் யாரும் எறிய முடியாது. பெரியவர்களிடம் இது புதுப் பழக்கம் என்று பேசாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வாழ்ந்த வீட்டில் குப்பை லாரி வந்ததே இல்லை, அப்போது என்ன செய்தார்கள் என்று கேட்டாலே ஒரு மணி நேரத்துக்கு விஷயம் இருக்கும்.

மாதத்துக்கு ஒரு மாற்றம்தான். காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் தொடங்குகிறவர்கள் மின்சாரத்தில் தொடங்கலாம், அப்போதுதான் பில் ஏறும். உரம் போட சருகு கொட்டும் மாசி, பங்குனியில் நான்கைந்து சாக்கு சேர்த்து மாடியில் வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்க வரும். ஆடிப்பட்டத்துக்கு உரம் தயாராக இருந்தால் இரண்டு சாக்கில் வெண்டையும் கத்தரியும் போடலாம், தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டப் பொருட்கள் கொடுக்கும்போது விசாரித்து வாங்குங்கள். புரட்டாசி முடிவதற்குள் மழைநீர்க் குழாய். போகிக்கு எதையும் எரிக்க வேண்டாம். பரண் சாமான்களை இறக்கி, போடக்கூடிய துணியைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு, பேப்பரையும் இரும்பையும் சின்னவனோடு கடைக்கு அனுப்பி, கிழிந்த பாயைக் கத்தரித்து உர பக்கெட்டில் சருகோடு போட்டுவிடுங்கள், கோரைப்பாய் நன்றாகவே மக்கும்.